கழற்றிய குழாயும் ஒரு கிலோ சங்கராவும்

தோப்புக்குப்பம், நெம்மேலி வழி
ஆகஸ்ட் 4

கர்த்தருக்குள் அன்பான மகள் பிரதீபாவுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. அயர்லாந்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் ஞாயிறு டூட்டி போடுகிறார்கள், விட்டுக்கொடுப்பதா அடம்பிடிப்பதா என்று கேட்டிருந்தாயே, அதற்கு உன் அப்பா கதையையே கேள்.

அம்மன் கோயில் ஆடித் திருவிழா பத்து நாளும் சர்ச் கூரைமேல் இருக்கும் குழாய் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஊர்த் தலைவர் கங்காதரன் மரியாதையாகத்தான் கேட்டார். நம் சபைச் செயலாளர் ஞானதாஸ், அதாவது உன் அப்பா, உயிரே போனாலும் குழாயைக் கழற்ற மாட்டேன் என்று குதித்தார். அதே வாரம் பக்கத்து வீட்டுத் தனக்கோடி, மகள் சங்கவியை அவள் விரும்பிய அச்சரப்பாக்கத்துப் பையனுக்கு ஊரைக் கேட்காமல் கட்டிவைத்தாள் என்று, அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, மீன் வாங்கக் கூடாது என்று பஞ்சாயத்து சொல்லிவிட்டது. அதற்கு மட்டும் உன் அப்பா, ஊர் விஷயம், நமக்கென்ன என்று தலையாட்டிவிட்டு வந்தார். எட்டு நாள் அவள் மகன் பிடித்த மீன் கூடையிலேயே நாறியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கொழாய்க்கு இத்தினி வீம்பு பண்றியேய்யா, நீ ஜொரமா கெடந்தப்போ கஞ்சி வச்சிக் குட்த்தவளுக்கு யாரு நிக்கிறது என்று கேட்டேவிட்டேன்.

மனுஷன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஏணி போட்டு, தானே குழாயை இறக்கி, தோளில் சுமந்து போய்க் கங்காதரன் வாசலில் வைத்தார். இது இல்லாங்காட்டி எங்க சாமிக்குக் காது கேக்காம பூடாது அண்ணாத்த, ஆனா தனக்கோடியாண்ட பேசாதேன்னா அத மட்டும் கேக்க மாட்டேன், என்னையும் தள்ளி வச்சிக்கோ என்றாராம். அங்கிருந்து நேரே கரைக்கு வந்து, ஊரே பார்க்க அவள் முன்னால் குந்தி, சங்கரா ஒரு கிலோ போடும்மா என்று கத்தினார் பார்! அவள் தராசைப் பிடிக்க முடியாமல் அழுதாள், நானும் அழுதேன். அடுத்து வந்தது யார் தெரியுமா? கங்காதரன் பெண்சாதி அம்சா! எனுக்கு ரெண்டு கிலோ என்று பையை நீட்டினாள். அப்புறமென்ன, கூடை காலி. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தும் தன் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஜெயம், மகளே, ஜெயம்!

ஆகவே ஞாயிறு டூட்டியா, போ, நோயாளியைப் பார்ப்பதும் ஆராதனைதான். யாரையாவது ஒதுக்கச் சொன்னால் மட்டும் இம்மியும் நகராதே. தனக்கோடி உனக்கென்று கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள், பார்சல் போடுகிறேன், ஜன்னலைத் திறந்து வைத்து வறு. குழாயைத் தானே கட்டித் தருவதாகக் கங்காதரன் வந்து நிற்கிறார், அப்பாவோ திருவிழா முடியட்டும், அவசரமில்லை என்கிறார். தேவன் உன்னைத் தம் கைக்குள் பத்திரமாய் வைத்திருப்பாராக. காதுக்குத் துணி கட்ட மறக்காதே.

இப்படிக்கு,
ஞானதாஸ் பெண்சாதி என்று சொல்லிக்கொள்ளப் பெருமைப்படும்
உன் அம்மா