கம்ப்யூட்டருக்குள் போன குரல்

திருச்செங்கோடு
19.7.1987

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மலை மேல் இருக்கிறவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கைகால் சுகத்தோடு நடமாடுகிறோம், லண்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆடி பிறந்தும் மழை இல்லை, ஊரெல்லாம் கிணறு வறண்டு கிடக்கிறது, அதனால் நம் போர்வெல் தொழிலுக்கு ஓய்வே இல்லை. பெரிய ரிக் வண்டி ஆந்திராப் பக்கம் போயிருக்கிறது. சின்ன வண்டி சர்வீசுக்காக வாசலில் நிற்கிறது. உன் தங்கை சௌந்திரம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். உன் அம்மா பிரசவம் பார்க்கக் குமாரபாளையத்தில் உன் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஆடி முடிந்துதான் வருகிறாள். அதற்குள் நடக்க வேண்டிய ஒரு காரியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

தங்கை படிக்கட்டும் என்று நீ அனுப்பினாயே ரப்பர் பட்டன் வைத்த கம்ப்யூட்டர், அது மக்கர் செய்கிறது. டிவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் ஒயர் கொடுத்து, நீ அனுப்பிய கேசட்டைப் போட்டால் புரோகிராம் உள்ளே ஏற வேண்டுமாம். கேசட் ஆந்தை மாதிரி அலறியதே தவிர ஒன்றும் ஏறவில்லை. சௌந்திரம் இரண்டு நாள் போராடிவிட்டு, அண்ணனுக்கு எழுதிக் கேட்கலாம், நீங்கள் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கை வைக்கவில்லை. போர் குழிக்குள் நானூறு அடி ஆழத்தில் மாட்டிக்கொண்ட, பாறை உடைக்கிற சுத்தியலையே வெளியே எடுத்தவன், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமானைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார முடியுமா? பார்த்தேன், அவ்வளவுதான். பழுது கம்ப்யூட்டரிலா டேப் ரிக்கார்டரிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்கு நன்றாகப் பேசுகிற கேசட் ஒன்று வேண்டும். வீட்டில் அப்படி இருப்பது ஒன்றுதான், நீ அம்மாவுக்குப் பேசி அனுப்பிய கேசட். தினம் சாயங்காலம் எருமைக்குத் தீனி வைக்கும்போது அவள் அதைத்தான் போட்டுக் கேட்பாள். போட்டேன், கணீரென்று பேசினாய். சரி, இவ்வளவு தெளிவாகப் பேசுகிற கேசட் கம்ப்யூட்டருக்குள் ஏறாமல் எங்கே போய்விடும் என்று ஒயரைக் கொடுத்தேன். டிவியில் ஒன்றும் வரவில்லை. ஒரு வால்வைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் பக்கத்து வால்வையும் திறந்து பார்ப்பது வழக்கம்தானே, அதனால் டேப் ரிக்கார்டரில் பக்கத்தில் REC என்று போட்டிருந்த சிவப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்தினேன். ஓடட்டும் என்று டீ குடிக்கப் போனேன். வந்து போட்டுப் பார்த்தால் கேசட்டில் உன் குரல் இல்லை. புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி ஒரே சீராக ஙொய் என்று மட்டும் ஓடுகிறது.

பயப்படாதே, நானும் முதலில்தான் பயந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கேசட்டில் இருந்தது இப்போது இல்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஒயர். ஒரு பக்கம் வற்றினால் மறுபக்கம் தேங்கத்தானே வேண்டும், ஆகவே உன் குரல் கம்ப்யூட்டருக்குள்தான் போயிருக்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. திறக்கலாமா என்று அம்மன் கோயிலில் பூப் போட்டுக் கேட்டேன், வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு அரளி வந்தது. அம்மனுக்குக் கம்ப்யூட்டர் புதுசு, கேள்வி விளங்கியிருக்காது என்று விவரமாகச் சொல்லி மறுபடி கேட்டேன், மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை பூசாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே மடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். உத்தரவு கிடைத்துவிட்டது.

நம் வண்டிக்கு நீரோட்டம் பார்த்துக் கொடுக்கிற சென்றாயனை உனக்கு நினைவிருக்கும். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பான், தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அவனை வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். குரலுக்கு இதுவரை பார்த்ததில்லை, ஆனாலும் முயற்சி செய்யலாம் என்றான். கம்ப்யூட்டருக்கு மேலே மூன்று தடவை கையைக் கொண்டுபோனான். மூன்று தடவையும் இடது பக்க மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. என் கண்ணால் பார்த்தேன், நீ சிரிக்க வேண்டாம். திருகைக் கழற்றித் திறந்தால் அந்த மூலையில் கறுப்பாக, மரவட்டை மாதிரி நிறையக் காலோடு ஒன்று படுத்திருக்கிறது. குரல் அதற்கு அடியில்தான். போர் போட்டு முடித்ததும் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டால் சேறும் தண்ணீரும் தானாக மேலே வரும் அல்லவா, அதே வேலைதான் என்று வாசலில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹோஸை இழுத்து, ஓரத்தில் லேசாகத்தான் வைத்தேன். குரல் வரவில்லை. பட்டன்கள் எல்லாம் வந்துவிட்டன. மாமரம் வரைக்கும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. எருமையை இரண்டு நாளாகக் கவனித்து வருகிறோம்.

இப்போது உன்னிடம் கேட்பது இதுதான். குரல் நிற்பது இடது பக்கமா வலது பக்கமா என்று உடனே தந்தி கொடு. ட்ரங்க் கால் வேண்டாம், நான் இங்கே கத்தினால் குமாரபாளையத்தில் உன் அம்மாவுக்கே கேட்டுவிடும். ஒருவேளை எடுக்கவே முடியாது என்றால், வேறு கேசட்டில் அதையே அப்படியே பேசி, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஒரு வார்த்தை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மா என்பாய். பிறகு எருமை கன்று போட்டதா என்று கேட்பாய். சோறு வடிக்கத் தெரியாமல் குழைந்துபோன கதையைச் சொல்லி நீயே சிரிப்பாய், நடுவில் இரண்டு இருமல், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம், இரு வருகிறேன் என்று போய்விட்டுத் திரும்பி வருவாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் சாயலில் தாத்தா மாதிரி இருந்தார் என்பாய், அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கும். கடைசியில் அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்பாய். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. அவள் கேட்கும்போதெல்லாம் நானும் வாசலில் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது போனது எனக்கும் நஷ்டம்தான் சாமி.

இதுவரை எழுதி மேசை மேல் வைத்திருந்தேன். ஆடி முடிந்து வர வேண்டியவள் இந்தப் புதன்கிழமையே வந்துவிட்டாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வாசலில் கயிற்றுக் கட்டில், அதன் மேல் வெள்ளை வேட்டி விரித்துப் பிரித்த கம்ப்யூட்டரைக் கிடத்தியிருந்தோம், தலைமாட்டில் கோயில் பூ, பக்கத்தில் தேங்காயோடு சென்றாயன், வேடிக்கை பார்க்க வந்த ஏழெட்டுப் பேர் கைகட்டி நிற்கிறார்கள். பையைக் கீழே போட்டுவிட்டு, யாருக்கு என்னாச்சு என்று ஓடி வந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒப்பாரிக்குத் தலையை அவிழ்த்துக்கொண்டே வந்துவிட்டார்கள். பிறகு மறைத்து என்ன பயன், முழுவதையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சென்றாயன் கையில் இருந்த தேங்காயை வாங்கிக்கொண்டு போய் உடைத்துச் சட்னி அரைத்தாள். எல்லோருக்கும் இட்லி வைத்தாள். அவர்கள் போன பிறகு, பட்டன் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். கேசட்டை மட்டும் முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

நான் இந்தக் கடிதத்தைக் காட்டி, பையன் மறுபடியும் அப்படியே பேசி அனுப்புவான், ஒரு வார்த்தை குறையாது, நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். படித்துப் பார்த்தாள். இருமல் இரண்டு இல்லை, மூன்று என்றாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வேண்டாமுங்க. தெனம் அந்தப் பொட்டிகிட்ட உக்காந்து, மருந்து குடிச்சயா சாமி, எப்ப ஊட்டுக்கு வாரேன்னு நானும் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருந்தேன். அது அதுபாட்டுக்குப் பேசுச்சு, நான் கேட்டதுக்கு ஒண்ணுக்குங்கூடப் பதிலு சொல்லலீங்க. போனது போவுது. பையனை வரச் சொல்லி எழுதுங்க."

எழுதிவிட்டேன். மேலே கேட்ட எதையும் நீ செய்ய வேண்டாம். பேசி அனுப்பவும் வேண்டாம். தங்கைக்கு நான் செய்த காரியத்தை நானே ஹாஸ்டலுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். லீவு கிடைக்காது, வேலை இருக்கிறது என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். நானும் வேலை இருக்கிறது என்று எத்தனையோ நாள் வீட்டுக்கு வராமல் ஆந்திராவில் கிடந்தவன்தான், ஆகவே அந்தப் பதிலை என்னிடம் சொல்லாதே. சளிக்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, சோற்றில் தண்ணீரைக் குறைத்து வை, குழையாது. நீ நீண்ட ஆயுசோடும் குறையில்லாத உடம்போடும் இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வருகிற தேதியை எழுது, ஈரோடு ஸ்டேஷனுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அவள் கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல்லிக்கொண்டே வா.

உன் அன்பு அப்பா,
காளியண்ணன்