ஈரத் துவாய்க்குள் இருந்த போத்தல்

நேற்று பக்கத்துத் தோட்டத்து ஹெல்கா வேலிக்கு மேலால் ஒரு வைன் போத்தலை நீட்டினாள். தன் தோட்டக் கொட்டிலை ஒதுக்கும்போது பழைய பெட்டியொன்றுக்குள் கிடந்ததாம். "இது உங்களுடையது. உன் சிநேகிதியின் கடைசிக் கோடையில் தவறி என் கூடைக்குள் வந்திருக்க வேண்டும்" என்றாள். தூசியைத் துடைத்துப் பார்த்தேன். பச்சை நிறம், மெலிந்த கழுத்து, நீயும் நானும் எப்போதும் வாங்கும் அதே ரீஸ்லிங் வெள்ளை வைன். மூடி திறக்கப்படவே இல்லை. அப்படியானால் அன்றைக்கு நீ குடித்தது எதை?

அடுப்பில் கரி பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குள் நின்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். "சுத்தி வளைக்காதை, விசயத்துக்கு வா" என்பாய். வளைத்துத்தான் வருவேன். டோர்ட்மண்ட் நகரம் முழுக்க பஸ் ஓட்டியவளுக்குச் சுற்றுப்பாதை புதிதா என்ன?

நீயும் நானும் என் கணவரும் சேர்ந்து இந்தச் சிறு தோட்டத்தை வாடகைக்கு எடுத்த முதல் கோடையை நினைத்துப் பார். நம் ஆட்களின் விருந்தில் குடியும் சாப்பாடும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆண்கள் பின்னேரமே தொடங்கிவிடுவார்கள், கச்சான் கடலையும் பொரியலும் தொட்டுக்கொள்ள இருக்கும். சோறு வந்தால் கிளாஸ் கவிழ்ந்துவிடும். பெண்களுக்குக் கவிழ்க்கக் கிளாஸே கிடையாது, சோடாதான். பக்கத்துத் தோட்டக்காரி என்று ஹெல்காவை அழைத்தோம். அவள் கொண்டுவந்த வைனை வாங்கிய கையோடு திறந்து, கச்சானோடு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டோம். பெரிய உபசாரம் செய்துவிட்ட நினைப்பு நமக்கு. கோழி வெந்து தட்டுக்கு வந்தபோது அவள் கோழியைப் பார்த்தாள், வெறும் போத்தலைப் பார்த்தாள். "இது கோழியோடு குடிக்கவென்று கொண்டுவந்தது" என்றாள், பாவம்.

நீ என் பக்கம் திரும்பினாய். "சாப்பாட்டோடையோ? அப்ப எது எதின்ர ருசியைக் கெடுக்கும்?"

அதே கேள்வியை ஜெர்மன் மொழியில் அவளிடமும் கேட்டாய். அவள் சிரித்தாள். "இரண்டையும் ஒன்றாக வாயில் வைத்துப் பார். கெடுக்கிறதா என்று பிறகு சொல்."

அதோடு உனக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அடுத்த சனிக்கிழமையே இறைச்சிக்குச் சிவப்பு வைன்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, இனிப்பே இல்லாத கனத்த சிவப்பு ஒன்றை வாங்கி வந்தாய். வறுத்த மிளகாய்த்தூளில் ஊறிய கோழி, அதற்கு மேல் அந்த வைன். இரண்டு பேருக்கும் காதால் புகை வந்தது. என் கணவர் தன் பியரைத் தூக்கிக் காட்டி, "நெருப்பைப் போத்திலிலை அடைச்சு வித்திருக்கிறாங்கள், நீங்கள் ரெண்டு பேரும் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்று சிரித்தார். நீ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்காதேங்கோ அண்ணை. பிழை வைன்ல இல்லை, சோடி சேத்ததிலைதான்" என்றாய்.

வைன் கடைக்காரர் வேறு விடாமல் அதே பாட்டுத்தான். சாப்பாட்டோடு என்றால் ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது, அதுதான் தரமான ஆட்கள் குடிப்பது. இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங்கை நீ கையில் எடுத்தபோது அவர் முகம் சுருங்கியதை நானும் கண்டேன். வெளியே வந்ததும் கேட்டாய்: "அந்தாள் எங்கட தூளைச் சாப்பிட்டுப் பாத்ததோ?"

அந்தப் போத்தல்தான் பொருந்தியது. தோட்டத்தில் குளிர்பெட்டி இல்லாததால் ஈரத் துவாயில் சுற்றி, ஐஸ் வாளிக்குள் வைத்திருந்தோம். கோழியைக் கடித்து, விழுங்காமல், ஒரு வாய் குடித்தோம். எரிவு அடங்கியது. அடங்கிய இடத்தில், அதுவரை எங்கேயோ ஒளிந்திருந்த வறுத்த மல்லியின் வாசம் எழும்பி வந்தது. நீ கதிரையை விட்டு எழுந்தே விட்டாய். அதற்குப் பிறகு எத்தனை கோடைகள், எத்தனை சோடிகள். சுட்ட இறாலுக்கு ரோஸே என்கிற இளஞ்சிவப்பு வைன். கரியில் வாட்டிய கத்தரிக்காய்க்கு எதுவுமே சரிவரவில்லை, அது இன்றைக்கும் தீராத கேள்வி. ஆனால் கோழிக்கு மட்டும் அந்த இனிப்பு ரீஸ்லிங். அதில் உனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ருசியைச் சொல்வதற்கும் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். போத்தலின் பின்பக்கத்தில் பீச், அப்ரிகோட் என்று எழுதியிருப்பதை நான் வாசித்தால் கையால் மறைத்துவிடுவாய். "வாசிக்காதை. உன்ர வாய்க்குத் தெரிஞ்ச பழத்திலை சொல்லு பாப்பம்." நான் நாவல் என்பேன், நீ விளாம்பழம் என்பாய், சண்டை பிடிப்போம். மன்னாரில் உன் வீட்டார் மாதா கோயில் பூசைக்கு வெளியே வைனைக் கண்ணால் கண்டதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த வீட்டில் இருந்து வந்தவள் இப்படி நியாயம் பிளந்தாய்.

பிறகு உனக்கு அந்த வருத்தம் வந்தது, புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முதலில் போனது உன் ருசி. "எதைத் திண்டாலும் இரும்பைச் சப்பின மாதிரிக் கிடக்கு" என்றாய். கொஞ்சக் காலத்தில் அந்த இரும்பும் இல்லாமல் போயிற்று. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நீ அவரிடம் கேட்ட முதல் கேள்வி வைனைப் பற்றியது. சிகிச்சை முடிந்த பிறகு ஒரு வாய் பரவாயில்லை என்றாராம். தலைமயிர் போனதற்கு அழாதவள், ஒரு நாள் தொலைபேசியில் குரல் உடைந்து சொன்னாய்: "எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாமடி. அந்தக் கோழியும் வைனும் ஒருக்கா வாயிலை தெரிஞ்சாக் காணும்."

அந்தக் கோடையில் நான் உன் நாக்காக இருந்தேன். சாப்பிட்டு, குடித்து, உனக்குச் சொல்வேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். எனக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. உனக்கு அப்போதும் ஆராய்ச்சிதான். "முதல்ல என்ன வருது? பிறகு?"

சிகிச்சை முடிந்து, ஓகஸ்ட் கடைசியில் தோட்டத்துக்கு வந்தாய். ஹெல்காவும் தன் போத்தலோடு வந்தாள், அதையும் நம்முடையதையும் ஒரே வாளிக்குள் துவாய் சுற்றி வைத்தோம். நான் கோழிக்குத் தூளைக் குறைத்திருந்தேன். நீ தட்டைப் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டாய். "நிறம் காணாது. எனக்காகவோ குறைச்சனீ? உதை எடுத்துக்கொண்டு போ." மேலே இன்னும் தூள் தூவி, திரும்ப வாட்டிக் கொண்டுவந்தேன்.

கடித்தாய். தலையை ஆட்டினாய், ஒன்றுமில்லை. என் கணவர் ஒரு போத்தலைத் திறந்து ஊற்றினார். குடித்தாய், ஒன்றுமில்லை. பிறகு கோழியை வாயில் வைத்தபடியே இன்னொரு வாய் குடித்தாய். கை அப்படியே நின்றது.

"பொறு."

கண்ணை மூடிக்கொண்டு மென்றாய்.

"புளிக்குது" என்றாய். "மாங்காய். உப்பில்லாத பச்சை மாங்காய்."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரியைக் கிளறினார். நான் அழுதுகொண்டே என் கிளாஸைக் குடித்தேன், அது என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாரி முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இவ்வளவு காலமும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது ஒன்றுதான். உண்மையிலேயே தெரிந்ததா, அல்லது எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு ருசியைத் தந்துவிட்டுப் போனாயா? உன் குணத்துக்கு இரண்டும் பொருந்தும். கேட்டிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று ஹெல்காவிடம் கேட்டேன்: "அன்றைக்கு நீ கொண்டுவந்தது என்ன வைன்?"

"நான் எப்போதும் குடிப்பதுதான். ரீஸ்லிங், ட்ரோக்கன். துளி இனிப்பும் இருக்காது, பல்லுக் கூசும். ஏன், அன்றைக்கு அதைத்தானே திறந்தோம்?"

தன்னுடையதைக் குடிக்கிறோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். நம்முடையதைக் குடிக்கிறோம் என்று நீயும் நானும் நினைத்திருந்தோம். துவாய்க்குள் இரண்டு போத்தலும் ஒரே மாதிரி, ஆனால் நம்முடையது மூடி திறக்காமல் நேற்று என் கையில் இருந்தது. எங்களுக்காக நீ பொய் சொல்லியிருந்தால், பழகிய வைனின் நினைப்பில் இனிக்குது என்றுதான் சொல்லியிருப்பாய். கிளாஸில் புளிப்பு இருந்தது என்று நம் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொன்னது உன் நாக்கு.

வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். ஹெல்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிறகுதான் சொன்னேன்.

கோழி வெந்ததும் உன் போத்தலைத் திறந்தேன். வாளி, ஐஸ், ஈரத் துவாய் எல்லாம் அதே முறைப்படிதான். கோழியைக் கடித்து, விழுங்காமல், ஒரு வாய் குடித்தேன். நீ போன பிறகும் முதல் வாயின் ருசியை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் என்னை விடவில்லை. என் கணவருக்கும் அது பழகிவிட்டது, நான் யாரோடு கதைக்கிறேன் என்று இப்போது கேட்பதில்லை.

"இனிக்குதடி" என்றேன். "நல்லாப் பழுத்த விளாம்பழம். நீதான் சரி."