யார் முதலில் பேசுவது

இன்று எனக்கும் அந்த ரோஸ் நிற மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிரஷருக்கு. அட்டையைப் பிதுக்கியதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. "மிசின்ல நார்மல்னு காட்டுதுல்லா, பொறவு எதுக்கு மாத்திரை?" என்று நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

உங்களுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். திருநெல்வேலியிலிருந்து தி.நகருக்கு வந்த முதல் தீபாவளிக்கு, பட்டுப்புடவைக்கு நான் வேறு கடையில் ரவிக்கைத் துணி வாங்கிவிட்டேன் என்று ஐந்து நாள் பேசவில்லை. மேட்சிங் துணிக்கடைக்காரர் பெண்டாட்டி செய்யக் கூடாத குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதனால், கடையைப் பெரியவனிடம் விடுங்கள் என்று நான் அவன் பக்கம் பேசிய மறுமாதம் நீங்கள் பேச்சை நிறுத்தியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. எப்போதும் போல நானே இறங்கிப்போக வேண்டுமா என்று வீம்பு வந்தது. தட்டை வைப்பேன், போய்விடுவேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் இருப்பீர்கள். பேப்பரைப் பிரிக்கவில்லை. பனகல் பூங்கா நடையை விட்டீர்கள். எழுந்தாலும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தீர்கள். அதுவும் என்னிடம் காட்டும் கோபம் என்றே நினைத்தேன். நான்கு மாதம் இப்படியே போனது.

குளியலறையில் விழுந்த பிறகுதான் அடையாறில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளைக் காட்டினார். மூளைக்குள் நூல் போல ஓடும் ரத்தக்குழாய்கள் பல வருடப் பிரஷரில் தடித்து அடைத்துப்போய், ரத்தம் எட்டாத இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறதாம்.

"இதுல சில பேருக்கு முதல்ல மறதி வராதும்மா. எதையும் தானா ஆரம்பிக்க முடியாது. கோவம்லாம் இல்ல. நீங்க பேச்சு குடுங்க, மெதுவா பதில் சொல்வாரு."

திரும்பும்போது ஆட்டோ நந்தனம் சிக்னலில் நின்றது. உங்கள் கையைப் பிடித்து, "என்னங்க, பசிக்குதா?" என்று கேட்டேன். பச்சை விழுந்து வண்டி கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏட்டி, இத்தன நாளா ஏன் எங்கூட பேசல? எம்மேல கோவமா?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதேனே தவிர, பதில் சொல்லவில்லை. நீங்களாக என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

பிறகு மூன்று வருடம் நானே பேச்சை எடுத்தேன். சில வாரம் அப்படியே இருப்பீர்கள், திடீரென்று ஒரு படி இறங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு படியிலும் உங்கள் பதில் சுருங்கியது. கடைசியில் கண் மட்டும்தான் என் பக்கம் திரும்பும். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முழு வாக்கியமாக நீங்கள் பதில் சொல்லியிருக்கக்கூடிய அந்த நான்கு மாதத்தை நான் பாழாக்கிவிட்டேன்.

நேற்றுப் பெரியவன் எதற்கோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். காலையில் முதல் வேலையாக நானே போன் போட்டு, "கோவமாவே இரு. சாப்டியா?" என்றேன். மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். நார்மல் என்று காட்டினாலும் நிறுத்த மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். ஆமாம், கோபம்தான். நீங்கள் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன்.