காகிதப் பையில் உன் துணிகள்

என் வாயாடிக் கண்ணுக்கு,

நான்கு நாளாக நீ யாரிடமும் பேசவில்லையாம். உன் பங்குக்கும் நானே பேசுவதால், உன் பெரியப்பா காதில் பஞ்சோடு திரிகிறார்.

நீ பேச்சை நிறுத்திய அன்று காலை உன் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தாள். உள்ளே நீ முந்தின நாள் ஆபீசுக்கு உடுத்திப்போன துணிகள். "அக்கா, எரிச்சிடு. எதுவும் கேக்காத" என்றாள். ஊர் வம்பையெல்லாம் கேட்டு வாங்கும் நான், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் கேட்கவில்லை.

எரிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தடயப் பொருள் அறையின் சாவி பதினாறு வருடமாக என் இடுப்பில்தானே இருக்கிறது! பிளாஸ்டிக்கில் புழுங்கினால் தடயம் கெட்டுவிடும். சொந்தக்காரி தொட்டது வழக்கில் நிற்காது. அதனால் பையைப் பிரிக்காமல் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் துணிகளை உலர்த்தி, காகிதப் பையில் போட்டு சீல் வைத்தார். "யாரோடது அக்கா?" என்றார். "பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போடுங்க டாக்டர்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பரை எழுதினார். நாங்கள் போலீசுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி விதிப்படி பை இரண்டு வருடம் அந்த அறையில் அப்படியே இருக்கும்.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. வேறொருத்தி செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

நேற்று உன் மேனேஜர் போன் செய்து, "பொண்ணுக்கு உடம்பு எப்படிம்மா? எப்ப வேலைக்கு வருவா?" என்று அன்பாக விசாரித்தானாம். உன் அம்மா, "காய்ச்சல் சார்" என்றாளாம்.

எரிக்கச் சொன்னால் எரித்துவிடுகிறேன். முடிவு உன்னுடையது. ஆனால் முடிவெடுக்க உனக்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் வைத்தேன்.

உன் பெரியம்மா