கேபின் சாவி

ஒத்தக்கடை,
26.2.2024

அன்புள்ள இம்மானுவேலுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினைந்து நாள் பொறுத்துவிட்டேன், இனி முடியாது. போனில் சொன்னால் யார் எதைப் பதிவு செய்துகொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கை எப்படி இருக்கிறது? வாடிப்பட்டியில் மகள் வீட்டில் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். வலது கை என்றார்கள். கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் நடிகரின் பிறந்தநாள் காட்சிக்கு வந்திருந்த பழைய பிரிண்ட், ஆபரேட்டரான நீங்களே புரொஜக்டர் கேபினில் பீடி பிடித்ததால் எரிந்தது என்று தியேட்டர்காரர்கள் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பொய். ரீல் மாட்டியிருக்கும்போது கேபினில் நீங்கள் ஊதுபத்திகூட ஏற்றவிட மாட்டீர்கள். சூடம் காட்டியது காசிமாயன். வழக்கமாக ரசிகர் மன்றத்தார் திரைக்கு முன்னால்தான் காட்டுவோம். புதுத் தலைவருக்கு அது போதவில்லை, புரொஜக்டருக்கே காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எரிகிற தட்டை ரீல் பெட்டி மேல் வைத்துவிட்டு, கீழே விசில் சத்தம் கேட்டதும் மாலை வாங்க ஓடிவிட்டான். முதலில் காகிதத் தோரணம் பிடித்தது. கேபின் கதவு எப்படித் திறந்திருந்தது என்று தெரியவில்லை. நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன்.

அந்த மன்றத்தை இருபத்திரண்டு வருஷம் நடத்தியவன் நான். போன வருஷம் கை தூக்கச் சொல்லி என்னை இறக்கினார்கள். அன்றைக்கு நீங்களும் கை தூக்கினீர்கள். மறக்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை காசிமாயன் வீட்டுக்கு வந்தான். காபி குடித்தான். நம் நடிகர் அழும்போது ஏன் இடது புருவம் மட்டும் துடிக்கிறது என்று அரை மணி நேரம் பேசினான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “அன்னைக்கு நாம ரெண்டு பேரும் கீழதான வாத்தியாரே இருந்தோம்?” என்றான். “பாப்பாவுக்குக் காலேஜு பஸ்ஸு ஏழரைக்குத்தான வருது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அதிலிருந்து ஸ்வர்ணா பஸ் ஏறும்வரை நான்தான் கூட நிற்கிறேன்.

இப்படிக்கு,
சௌரிராஜன்


வாடிப்பட்டி,
1.3.2024

மதிப்புமிக்க சௌரி சாருக்கு, தோத்திரம்.

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். விரல் இரண்டு இன்னும் மடங்கவில்லை. பதினாறு ரீலில் இரண்டைத்தான் வெளியே இழுத்துப்போட முடிந்தது. அதில் ஒன்று ஏழாவது ரீல். படத்தில் அம்மா செத்த பிறகு அவர் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு காக்கா குறுக்கே பறக்குமே, தற்செயலாக வந்ததா பறக்கவிட்டுப் படம் பிடித்ததா என்று நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டோமே, அந்த ரீல். காக்கா தப்பித்துவிட்டது சார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகளையும் படிக்கச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். அப்பா பீடியால் தியேட்டரைக் கொளுத்தினவர் என்று தெருவில் பேசுகிறார்கள், மருமகன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

13ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. இன்ஸ்பெக்டர் என்னிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். “மொட்டைக் கடுதாசி மேசை நிறையக் கெடக்குய்யா. பேரு போட்டு ஒரு ஆளு சொல்லட்டும், நான் பாக்கிறேன்” என்றார். நீங்கள் நேரில் வரவேண்டும் என்றுகூட இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிற இந்தக் கடிதத்தைக் கொடுத்தாலே போதும். கொடுக்கட்டுமா சார்? உங்களைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
இம்மானுவேல்


ஒத்தக்கடை,
4.3.2024

அன்புள்ள இம்மானுவேல்,

கொடுக்க வேண்டாம். தயவுசெய்து கொடுக்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அதைக் கிழித்துவிடுங்கள். மகளிடமும் சொல்லிவையுங்கள்.

கோழை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். நம் நடிகர் படத்துக்கு ஒரு பக்கம் காசிமாயன் கும்பிடுகிறான், மறு பக்கம் நான். ‘கௌரவத் தலைவர் பேராசிரியர் சௌரிராஜன் அவர்கள்’ என்று பெரிய எழுத்து. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் கீழேதான் தினமும் ஸ்வர்ணா நிற்கிறாள். இன்று காலை பேனருக்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கவுமில்லை, போகவுமில்லை. பஸ் வந்தது, அவள் ஏறினாள், அவனும் பின்னாலேயே போனான். மாட்டுத்தாவணி வரை போனான் என்று அவள் போன் செய்தாள். அதுவரை நான் அங்கேயே நின்றேன்.

உங்களுக்கென்ன, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டீர்கள். எனக்கு ஒரே பெண். மன்றத்தில் என்னை இறக்கியபோது எனக்காக ஒரு வார்த்தை பேசாதவர் இப்போது என்னைப் பேசச் சொல்கிறீர்கள்.

எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மனமில்லை. கடிதத்தை மட்டும் கிழித்துவிடுங்கள்.

சௌரிராஜன்


வாடிப்பட்டி,
7.3.2024

சௌரி சாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தேன் என்று எழுதினால் நம்புவீர்களா என்று தெரியாது. அதனால் இதோடு வைத்து அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. மகள் சண்டை போட்டாள். ஒருவர் பயத்தை வைத்து நான் தப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கை தூக்கியது உண்மைதான். நீங்கள் தலைவராக இருந்த வரை மன்றத்தில் யாரும் படத்தைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. வருஷம் தப்பாகச் சொன்னால்கூட எல்லார் முன்னாலும் திருத்துவீர்கள். உங்களை ஒதுக்கத் தூக்கவில்லை சார், ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக நாலு வார்த்தை பேசத்தான் தூக்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கேபினைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்க இறங்கினேன். கதவு எப்படித் திறந்திருந்தது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார். என்னிடம்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் எழுத மாட்டேன். ஸ்வர்ணா பாப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இம்மானுவேல்


11.3.2024

இம்மானுவேல்,

திறந்தது நான்தான்.

காசிமாயன் படியேறி வந்து, “என்னைக்கும் நீங்கதான் எங்களுக்குத் தலைவரு. நீங்க தொறந்தாத்தான் பூசை” என்றான். பத்து மாதமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. சாவியைக் கொடுக்கக்கூட இல்லை, நானே போட்டுத் திறந்தேன். அவன் சூடம் காட்டினான், நான் மணி அடித்தேன். அவன் இறங்கிப் போனபோது தட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே கூட்டம் என் பெயரையும் சொல்லிக் கத்துகிறதா என்று படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது புகை. நான் கீழே ஓடினேன். நீங்கள் என்னைத் தாண்டி மேலே ஓடினீர்கள். நம் தோள்கள் இடித்துக்கொண்டன. நீங்கள் அதை ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

ஸ்வர்ணாவுக்காகப் பயம் என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் பிறக்கும் முன்னாலிருந்தே நான் பயந்தவன்தான். வருஷமும் தேதியும் தப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் என்னைத் தொட முடியாது என்று நினைத்திருந்தேன்.

இன்று காலையிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சாவி, சூடம், மணி, தட்டு, எதையும் விடவில்லை. பீடி பொய் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கடைசியில் பெயரும் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். மை காய்வதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன். அவன் போய் ஒரு மணி நேரம் ஆகியும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, முழுவதையும் மறுபடி எழுதினேன். பெயர் வரவேண்டிய இடம் வரைக்கும் எழுதினேன்.

அவர் மேசையில் கிடப்பவற்றோடு இதுவும் கிடக்கும். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இரண்டு உறைகளையும் ஒட்டிவிட்டால் மனம் மாறாது என்று தோன்றுகிறது. அவருடையதை ஒட்டிவிட்டேன். இதையும் பெயர் போடாமலே ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.