முப்பத்தெட்டு விநாடி

ஜனவரி 6, திங்கள்

சீரியல் வசனங்களில் இருந்து காக்கை, ஆட்டோ, மின்விசிறி எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். சென்னையில் இருந்து ‘ஓகே’ என்று பதில். இன்று எனக்கு வந்த ஒரே வார்த்தை அதுதான். அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது.

ஜனவரி 7

மொபைல் கடை அஸ்கர் அனுப்பியதாக ஒரு பெண் கோவில்பத்தில் என் வீடு வரை தேடி வந்தாள். ஞானசௌந்தரி, மீனவக் கிராமம் பட்டினச்சேரி. முப்பது வயதுகூட இருக்காது. போன மாதம் ராத்திரிப் பனிமூட்டத்தில் ஏதோ கப்பல் இடித்து அவள் புருஷன் கலைவாணனின் ஃபைபர் போட் உடைந்தது. அவனும், கூடப் போன அஷ்வினும் திரும்பவில்லை.

போட் ஓட்டிய கலைவாணன் தூங்கிவிட்டான் என்று ஊரே பேசுகிறதாம். காரணம், அஷ்வின் கடலில் இருந்து தன் அம்மாவுக்கு அனுப்பிய கடைசி வாய்ஸ் மெசேஜ். முப்பத்தெட்டு விநாடி. விடிந்ததும் வந்துவிடுவேன் என்கிறான். முடிவில், “இரும்மா, இந்த அண்ணன் வேற...” அவ்வளவுதான். ‘தூங்குது’ என்று மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது.

“பின்னாடி ஒரு சத்தம் வருதுக்கா. அத மட்டும் தனியா எடுத்துத் தருவீங்களா?”

எனக்கு எஞ்சினும் காற்றும்தான் கேட்டது. இவள் இதை எத்தனை முறை கேட்டிருப்பாள்?

ஜனவரி 9

எஞ்சின் சீராக ஓடுகிறது, எடுத்துவிட்டேன். காற்றுதான் படுத்துகிறது. அஷ்வின் குரலையும் ஒதுக்கினேன். அடியில் ஏதோ இருக்கிறது. டங்.

ஜனவரி 10

டங் டங் டங். இடைவெளி. மறுபடி மூன்று.

பாத்திரம் உருண்டிருக்கலாமே? அவளுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது. அம்மாவின் அலுமினியச் சட்டியைத் தரையில் உருட்டினேன், மூடியைக் கரண்டியால் அடித்தேன், பதிவு செய்து ஒப்பிட்டேன். எதிர்வீட்டு விஷ்ணுப்ரியா எட்டிப் பார்த்தாள். “என்னங்க, ஏதும் பிரச்சினையா?” இல்லைங்க என்றேன். அவள் போன பிறகுதான் தோன்றியது, உள்ளே வாங்க என்று சொல்லியிருக்கலாம்.

உருளவில்லை. அடிக்கிறார்கள். போகப் போக வேகமாக. கடைசியில் இடைவெளியே இல்லை. போட்டில் இருந்ததே ரெண்டு பேர்! ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கான். அப்ப அடிச்சது யாரு? தூங்கினவனா?

ஜனவரி 14

பொங்கல். ஒருத்திக்கு எதற்கு என்று வைக்கவில்லை.

ஜனவரி 16

ஞானசௌந்தரி வந்து, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “சோத்துச் சட்டி மூடிக்கா. பனியில கப்பலுக்குக் கேக்கணும்னு எங்க வீட்டு ஆளு தட்டுது.” பிறகு, “அஷ்வின் அம்மா எங்கூடப் பேசறதில்ல. தனியாப் போவ பயமா இருக்கு. கூட வர்றீங்களா?”

ஜனவரி 18, சனி

அஷ்வினின் அம்மா பங்கஜவல்லி வாசற்படியில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. போனில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

“எம்புள்ள எங்க?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அவன் பேசுனான்ல? அவன் பேச்ச எங்க?”

ஐயோ, என்ன காரியம் செய்தேன்! அந்தச் சத்தத்துக்காக அவர் பிள்ளையைத் துடைத்துவிட்டு, அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். நல்லவேளை, குரலைத் தனியாக வைத்திருந்தேன். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து இரண்டையும் சேர்த்துப் போட்டேன். எஞ்சின் இல்லை, காற்று இல்லை. “இரும்மா, இந்த அண்ணன் வேற...” அதன் மேலேயே டங் டங் டங் டங்.

பங்கஜவல்லி இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு ஞானசௌந்தரியைப் பார்த்து, “தட்டிக்கிட்டேதான்டி இருந்திருக்கான்” என்றார். வாசலை விட்டு விலகி, “உள்ள வா.”

அவளைத்தான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜனவரி 25

யாரும் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? கேட்ட வேலை முடிந்தது. இருந்தாலும் போனை இரண்டு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஞானசௌந்தரி அழைத்தாள். “பங்கஜவல்லி அத்தை எங்க வீட்லதான் இருக்குக்கா. ஒங்கள அடுத்த ஞாயித்துக்கெழம சாப்ட வரச் சொல்லுது.” வரேன் என்றேன். குரல் கம்மியது, இரண்டு நாளாகப் பேசவே இல்லை.

போனை அப்படியே எங்கோ வைத்துவிட்டாள் போல. புளி எங்கே என்று பங்கஜவல்லி கேட்பது காதில் விழுந்தது. குழாய் ஓடியது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

நான் துண்டிக்கவில்லை.