பதினேழாவது ஃப்ரேம்

19 ஜனவரி 2025, ஞாயிறு

ஆறு நாள் இரும்பு ரோலிங் மில்லின் சூட்டில் நிற்கிறேன். ஏழாவது நாள் எனக்குக் காற்று வேண்டும். அம்மாவுக்கு அந்தக் காற்று சர்ச்சில் கிடைக்கிறது. எனக்கு நடுமேட்டுக்குப்பத்துக் கடற்கரையில்.

புதுவாயலில் பஸ் ஏறி, பொன்னேரி, பழவேற்காடு, பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு மணலில் அரை மணி நேர நடை. "ஞாயித்துக்கெயம ஆனா அந்தக் கேமராவ மாட்டிக்கினு கெளம்பிடறியே, அது இன்னா உன் சாமியா?" என்று வாசல்வரை வந்து கத்தினாள் அம்மா.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் எங்கே திரும்பினாலும் காம்பவுண்டு, கேட், பாஸ் கேட்கும் செக்யூரிட்டி. இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் படகுகள் ஏற்றிக் கிடந்தன. குப்பத்து மாதா கோயிலிலிருந்து பூசைப் பாட்டு. கரையில் ஒரு ஆள் இல்லை. இன்னும் எந்தக் கம்பெனியும் தின்னாத மண்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்பது படம். அலை, மணல், வானம். மனிதர்களைப் படம் எடுக்க எனக்குப் பிடிக்காது. ஏழைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பேர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று வெளிச்சம் கச்சிதமாக இருந்தது. ஆனால் நடுக்கரையில் ஒரு அம்மா வலையை விரித்துக் கருவாடு காயப் போட்டிருந்தார். பெயர் ஞானம்மா. ஐம்பது வயது இருக்கும்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"கருவாட்டயுமா?"

"ஆமாம்மா, படத்துல வருது."

"வந்தா இன்னா, நாத்தமா அடிக்கப் போவுது?" என்று சிரித்தார். ஆனாலும் வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். பாதி இழுக்கும்போது என் விரல் தவறுதலாக அழுத்திவிட்டது. ஒரு படம் போச்சு. பதினேழாவது. பிறகு கரை சுத்தமானதும் பதினெட்டாவதை எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

இழுத்த கையை உதறிக்கொண்டு, "போதுமா கண்ணு?" என்றார். போதும் என்றேன். நான் ஒரு கை கொடுத்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

23 பிப்ரவரி, ஞாயிறு

சென்னை லேபிலிருந்து நெகட்டிவ் வந்தது. மாதிரிப் பிரிண்டில் பதினேழின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் போட்டு 'வேஸ்ட்' என்று எழுதினேன்.

10 மார்ச், திங்கள்

மில்லின் பாதுகாப்பு வார விழாவில் புகைப்படப் போட்டி. பதினெட்டாவது படத்துக்கு முதல் பரிசு. எச்.ஆர். வெங்கடேசன் சார் மேடையில் தோளில் தட்டி, "இன்னா ஸ்டீவன், நம்ம பக்கத்துல இப்டி ஒரு எடமா! ஈ காக்கா இல்லியே!" என்றார். எங்கே என்று கேட்டார். வழியெல்லாம் விவரமாகச் சொன்னேன். பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று ஸ்கேன் காப்பியும் வாங்கிக்கொண்டார்.

என்னோடு வேலை செய்யும் பச்சையப்பன் அண்ணன் மட்டும், "கடலாண்ட வரிக்கும் போயி ஒரு மீனு கூட எத்துக்கினு வர்லியேடா, பேஜாரு புட்ச்சவனே" என்றார். கேன்டீனே சிரித்தது. ஜூலையில் பர்மனென்ட் லிஸ்டில் என் பேர் இருக்கிறதாம்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்கக் கூடாது.

15 ஜூலை, செவ்வாய்

எங்கள் ஓனர் நடுமேட்டுக்குப்பத்தில் சொந்தத் துறைமுகம் கட்டப் போகிறார். நாளை கருத்துக்கேட்புக் கூட்டம். எங்களை பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். போகாவிட்டால் ஆப்சென்ட்.

வழி சொன்னது நான்தானா? இல்லை, இதெல்லாம் முன்னமே முடிவு செய்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

16 ஜூலை, புதன்

எழுத முடியுமா பார்க்கிறேன்.

கல்யாண மண்டபம். எங்களுக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட நீலத் தொப்பியும் நாஷ்டா பொட்டலமும் கொடுத்து முன்வரிசைகளில் உட்கார வைத்தார்கள். குப்பத்து ஜனம் பின்னால், பாதிப் பேர் நின்றுகொண்டு. துறைமுகத்துக்கு ஆதரவாக நாற்பது உள்ளூர்க்காரர்கள் என்று கணக்கு. அந்த உள்ளூர்க்காரர்கள் நாங்கள்.

கம்பெனி சார்பில் ஒருவர் திரையில் படம் படமாகப் போட்டார். நான்காவது, என் படம். பதினெட்டு. கீழே எழுத்து: 'மக்கள் நடமாட்டமும் மீன்பிடித் தொழிலும் இல்லாத கரைப்பகுதி.'

நாஷ்டா பொட்டலத்தை மூடிக் காலடியில் வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "சார், அது ஞாயித்துக்கெயம எட்த்தது."

ஞானம்மா.

"சனிக்கெயம சாயங்காலமே வலைய மடிச்சிடுவோம் சார். ஞாயித்துக்கெயம எவன் கடல்ல கால் வச்சாலும் ஊர்ல தண்டம் கட்டணும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அப்டித்தான். மத்த நாள்ல வந்து பாருங்க, கரவல இசுக்கறவன் தலதான் தெரியும், தண்ணி தெரியாது."

கூட்டம் நடத்திய அதிகாரி கேட்டார்: "இது ஞாயிறுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தான் சார் அங்க கருவாடு போட்டுக்கினு இருந்தேன். ஒரு தம்பி படம் புடிக்கணும், நவுத்துன்னுச்சு. நவுத்தினேன். இதுக்குன்னு தெரியாம நவுத்திட்டேன்."

"யார் அந்தத் தம்பி? இங்க இருக்காரா?"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. ஞானம்மா முன்னால் வந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆமாம், இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மூஞ்சி ஞாபகம் இல்ல சார்."

எழுத்தில் சொல்ல நினைப்பவர்கள் ஒரு வாரத்துக்குள் கொடுக்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள். பஸ்ஸில் வரும்போது வெங்கடேசன் சார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

17 ஜூலை

வேலைக்குப் போனேன். வந்தேன்.

18 ஜூலை, வெள்ளி

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் சர்ச், மத்தியானம் கறி, தூக்கம். அங்கே ஞாயிறு என்றால் கடலுக்கே லீவு. ஐந்து ஞாயிறு போயிருக்கிறேன். காதில் பூசைப் பாட்டு கேட்டது. கண்ணில் ஏற்றி வைத்த படகு தெரிந்தது. ஏன் யாரும் இல்லை என்று ஒரு தடவை கேட்டேனா? அமைதி, அமைதி என்று சப்புக்கொட்டினேன். என் லீவு நாளில் அவர்களுக்கும் லீவு, அவ்வளவுதான் அந்த அமைதி.

கம்பெனி நிலத்தைத் தின்கிறது என்று நோட்டு நோட்டாக எழுதியவன் நான். கம்பெனிக்காக ஒரு பொம்பளையைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியதும் நான். ஒரு போலீஸ் வேண்டியிருக்கவில்லை, ஒரு புல்டோசர் வேண்டியிருக்கவில்லை. 'கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா' போதுமாக இருந்தது.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

20 ஜூலை, ஞாயிறு

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டாத ஒரே துண்டு. பதினேழு, பதினெட்டு, ஓரத்தில் எண்ணோடு, அடுத்தடுத்து. பதினேழில் அவர் குனிந்து வலையை இழுக்கிறார், வலை நிறையக் கருவாடு. படம் ஆடியிருக்கிறது. ஆனால் ஆள் தெரிகிறது. பதினெட்டில் ஒன்றுமில்லை.

வேஸ்ட் என்று எழுதிய கையை என்ன செய்வது.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "வாய மூடிக்கினு இரு. அந்தக் குப்பத்து ஜனமா நமக்குச் சோறு போடுது? நடவு நட்டு என் முதுகு வளஞ்சதே போதும். நீ ஒரு எடத்துல நெலையா நின்னுட்டன்னா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்."

அவளைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. மண்டபத்தில் அதைத்தானே செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டேன். இரண்டு ஃப்ரேமும் சேர்ந்த பிரிண்ட், தேதி, கிழமை. 'இந்தப் படத்தை எடுத்தவன் நான். கரையில் இருந்தவரை நகரச் சொன்னவனும் நான்.' பேர், விலாசம், கையெழுத்து. தபால் வாங்குகிறவர் சீல் குத்திவிட்டு, "அடுத்தது" என்றார்.

வீரமாக ஒன்றும் தோன்றவில்லை. ஆறு நாள் தாமதம்.

31 ஜூலை, வியாழன்

லிஸ்ட் ஒட்டினார்கள். என் பேர் இல்லை. சாயங்காலம் கான்ட்ராக்டர், "நாளைலேர்ந்து உனுக்கு பாஸ் இல்லப்பா, இன்னா பண்ணித் தொலச்ச?" என்றார். பச்சையப்பன் அண்ணன் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

மனு கொடுத்ததைச் சொன்னதிலிருந்து அம்மா சோறு வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை.

6 ஆகஸ்ட், புதன்

நடுமேட்டுக்குப்பத்தை ஒரு புதன்கிழமை முதல்முறையாகப் பார்த்தேன்.

சத்தம். கரைவலைக் கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள், கெட்ட வார்த்தை, சிரிப்பு, கூடைகள், காக்காய்கள். கால் வைக்க இடமில்லை. போன வாரம் அதிகாரிகள் மறுபடி வந்து பார்த்தார்களாம், வேலை நாளில். என்ன எழுதிக்கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞானம்மா அதே இடத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். கேமராவை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நவுத்தணுமா?"

"வேணாம்மா."

மறுபடி குனிந்துகொண்டார். நான் கண்ணை வைத்து ஃபோகஸ் பார்க்கும்போது, கருவாட்டைத் திருப்பிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"இன்னிக்கி தொப்பியக் காணோம்?"

என் விரல் அதுவாக அழுத்திவிட்டது. முதல் ஃப்ரேம் ஆடித்தான் போயிருக்கும். அதன்மேல் எதுவும் எழுத மாட்டேன்.